ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு நண்டுகள்

கிரவீன்,
பெப்ரவரி 19, புதன்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை தனேஸ்வரி எழுதுவது. துக்க வீட்டிலிருந்து துக்க வீட்டுக்குப் போகிற கடிதத்தில் சுகம் விசாரிப்பது அழகில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். "மாமியிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டு அந்தியேட்டிக்கு வா, இல்லாட்டி டண்டினொங்கில எங்கட வீட்டுப் பக்கமே வராதை" என்கிறீர்கள். நானும் குரலிலேயே பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அழுதால் நீங்கள் வென்றுவிடுவீர்கள். அதனால்தான் பேனையை எடுத்தேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாமியிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவேன். இரண்டிலும் மாற்றமில்லை.

அப்பாவுக்குப் படைக்க இருந்த நண்டுக் கறியைப் படைக்கவிடாமல் நான் தடுத்ததாக அங்கே கதை நடக்கிறதாம். அண்ணி போனில் சொன்னார். அவரைக் கோபிக்க வேண்டாம், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். கதை கைமாறிக் கைமாறிக் காலும் கையும் முளைத்துவிட்டது. ஆகவே நடந்ததை ஒரு தரம் ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு என் வீட்டில்தானே நடந்தது. அன்று காலை மீன் சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு சேற்று நண்டு வாங்கி வந்தது நீங்கள். கால் கட்டிய, உயிருள்ள நண்டு. அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் எட்டில் படைக்க வேண்டும், அவருக்கு என் கை நண்டுக் கறிதான் விருப்பம், நீயே சமை என்று சொன்னதும் நீங்கள்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணா. அதை மறைக்கவில்லை.

நான் வேலை செய்கிற கிளப் குசினியில் நண்டை உணர்வோடு வெட்டக் கூடாது என்பது விதி. உப்புத் தண்ணீரும் ஐஸும் கலந்து அதில் ஒரு மணித்தியாலம் வைத்தால் அது உணர்வில்லாமல் அடங்கிவிடும். பிறகு கத்தியால் ஒரே குத்து. ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். அதற்கு முன்னர் அம்மா செய்தது போல, தொட்டியில் போட்டு உயிரோடு காலை முறித்தவள்தான் நானும். எத்தனை நூறு என்று எனக்கே தெரியாது. யாருக்கும் உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. அன்றும் உபதேசம் செய்யவில்லை. பேசாமல் நண்டுகளை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, படையல் சமையலுக்கு முழுகப் போனேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பெட்டி காலி. விமலாதேவி மாமி திறந்து பார்த்திருக்கிறா. பன்னிரண்டும் அசையாமல் கிடந்திருக்கின்றன. "செத்த நண்டையோ என்ரை அண்ணைக்குப் படைக்கிறது?" என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோய்ச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டா. மாமியில் பிழை சொல்ல மாட்டேன். செத்த நண்டு வயிற்றுக்கு நஞ்சு என்று நம் எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். துடித்தால் நல்ல நண்டு. அந்தத் துடிப்பைப் பார்த்துத்தானே நாங்கள் வாங்குகிறோம்?

வெயிலில் நின்ற தொட்டிக்குள் அவை விழித்துக்கொண்டன. அதற்குள் ஆட்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. தொட்டிக்குள் என்ன பிறாண்டுகிறது என்று பிள்ளைகள் மூடியைத் திறந்து கத்தினார்கள். நீங்கள் ஓடிப்போய் அவற்றை எடுத்து, கழுவி, நேரமாகிறது என்று துணி தோய்க்கிற லோன்ட்ரி அறைத் தொட்டியில் வைத்து உயிரோடு முறிக்கத் தொடங்கினீர்கள். முதல் நண்டின் இரண்டு கால் போய்விட்டது. மிச்சக் காலால் அது உங்கள் கையைத் தள்ளியது. நான் "விடுங்கோ அண்ணா" என்று இரண்டு தரம் சொன்னேன். நீங்கள் விடவில்லை. நான் பாத்திரத்தைப் பறித்தேன், உங்களை வெளியே தள்ளினேன், தடுக்க வந்த மாமியின் முகத்துக்கு நேரே கதவைப் பூட்டினேன்.

நாற்பது பேருக்கு முன்னால் அண்ணனைத் தள்ளினேன் என்பது உண்மை. தள்ளியதற்கு மட்டும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பூட்டியதற்குக் கேட்க மாட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இவர் பின்பக்கத்தால் குளிர்பான வாளியிலிருந்த ஐஸைக் கொண்டுவந்து தந்தார். கால் போன நண்டை முதலில் குத்தினேன், மற்றவை அடங்கும் வரைக்கும் காத்திருந்தேன். கதவுக்கு வெளியே, ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம் என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் கதவைத் திறந்தபோது நண்டு இல்லாமலே படையல் முடிந்திருந்தது. "அப்பாவைப் பட்டினி போட்டிட்டாய்" என்றீர்கள். அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. நீங்கள் எல்லோரும் போன பிறகு, ஆறு மணிக்கு, கறியை வைத்து அப்பாவின் படத்துக்கு முன்னால் ஓர் இலையில் படைத்தேன். மிச்சத்தை நானும் இவரும் சாப்பிட்டோம். உறைப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

ஆம், சாப்பிட்டேன். வினுஷா தன் பங்குக்கு, அவ்வளவு இரக்கம் என்றால் சாப்பிடாமலே விடலாமே அம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடையில் தோலுரித்து வாங்குகிற கோழி எப்படிச் செத்தது என்றும் கேட்டாள். ஆனால் எல்லாவற்றிலும் சுத்தமாக இருக்க முடியாதவள் ஒன்றிலும் வாய் திறக்கக் கூடாது என்றால் அதை நான் ஏற்க மாட்டேன். நண்டு என் கையில் இருந்தது. என் கையில் இருப்பதற்கு நான் பொறுப்பு.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட.

கதவைப் பூட்டுவதற்கு முன்னர் மாமி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "விசரி, நண்டுக்கு என்ன நோவு? அது வெறும் நரம்புத் துடிப்பு." அதே சொல்லை மாமி இன்னோர் இடத்திலும் சொன்னா. ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அந்தக் கடைசி வியாழக்கிழமை.

அன்று காலை டொக்டர், நோவுக்குக் கொடுக்கிற மருந்தைக் கூட்டினால் ஐயா நிம்மதியாக உறங்குவார், ஆனால் பிறகு கண் திறக்க மாட்டார் என்றார். நீங்கள் மெல்பேர்ன் விமான நிலையத்திலிருந்து போன் எடுத்து, "நான் வரும்வரைக்கும் கூட்ட விடாதை, அப்பா என்னை ஒருக்கா பாக்கவேணும்" என்றீர்கள். நான் டொக்டரிடம் பொறுக்கச் சொன்னேன். அவருக்கு நோகுமா என்று கேட்டேன். பேச முடியாதவர் எவ்வளவு உணர்கிறார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்த 'உறுதியாகச் சொல்ல முடியாது' போதுமாக இருந்தது. அதை 'நோகாது' என்று நானே மாற்றி வைத்துக்கொண்டேன்.

உங்கள் விமானம் பிந்தியது. ஒன்பது மணியிலிருந்து மூன்றரை வரை அப்பாவின் வலது கை படுக்கை விரிப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. கால் விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. நான் கையைப் பிடித்தபோது என் விரலை நெரித்தார். மாமி, அது நரம்புத் துடிப்புப் பிள்ளை, அண்ணைக்கு ஒண்டும் தெரியாது என்று ஆறுதல் சொன்னா. நானும் தலையாட்டினேன். நீங்கள் வந்தீர்கள், அப்பா கண் திறந்தார், பிறகு மருந்தைக் கூட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று நீங்கள் எல்லோருக்கும் சொல்லும்போது, நான் எழும்பிக் குசினிக்குள் போவேன். ஏனென்று நீங்கள் கேட்டதில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, அண்ணா. நீங்கள் கேட்டீர்கள், டொக்டரிடம் சொன்ன வாய் என்னுடையது. எனக்கு வசதியாக இருந்தது, அதனால் நோகாது என்று நம்பினேன். இனி ஓர் உயிரைப் பற்றியும் அப்படி நம்ப மாட்டேன். இதற்கு என்னைப் பைத்தியம் என்றாலும் சரி, ஓநாய் என்றாலும் சரி.

மார்ச் முதலாம் திகதி காலை விமானத்தில் மெல்பேர்ன் வருகிறேன், ரிக்கெற் எடுத்துவிட்டேன். அண்ணிக்கு மோதகம் அவிக்கக் கைகொடுப்பேன். மாமியின் முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெயும் கொண்டுவருகிறேன், அவ எனக்கு எதிரி இல்லை. சர்க்கரை மருந்தை நேரத்துக்கு எடுங்கள், கோபத்தில் விட்டுவிடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னீர்கள். கேட்கத்தான் வருகிறேன், மாமியிடம் இல்லை. ஐயர் போன பிறகு, ஆட்கள் சாப்பிட இருக்கும்போது, அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று, அந்த ஆறரை மணித்தியாலத்துக்காகக் கேட்கப்போகிறேன். நீங்கள் வாய் திறக்க வேண்டாம், அண்ணா. எனக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

உங்கள் தங்கை,
தனேஸ்வரி