எண்ணெய்க்குள் ஒரு கோஷா

பாய்,

இன்று காலை ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கை கழுவப் போய், தனியாக நின்று சிரித்துவிட்டேன். மோட்டார் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை எண்ணெய். ஓர் ஆள் சவுக்காரத் துண்டும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர். தேய்க்கத் தேய்க்க நுரை வரவில்லை. எண்ணெயும் சவுக்காரமும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து பழுப்பாக ஒரு களிம்பு ஆகி, விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உன் எஞ்சின் கொட்டகையில், உன் விரலில்.

"இன்னா சார், கை எரியுதா?" என்றான் அந்த ஆள்.

"இல்லப்பா, தோஸ்த்து ஒருத்தன் ஞாபகம்" என்றேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன பிறகும் ஒரு மனுஷன் நம்மைக் கிண்டல் செய்ய முடியும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லப்போகிறேன். இத்தனை நாள் அதன் முக்கால் பங்குதான் எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போது நீ ஆம்பூரில் அந்தத் தோல் ஷாப்பின் எஞ்சின் டிரைவர். நான் கடைத்தெருவில் பஸ்காரர்களின் பாட்டரிக்கும், பொறி கிளப்பும் காயில் சுருளுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் எஞ்சின்தான் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றித் தோல் ஊறும் தொட்டிகளை நிரப்பும். அது வந்த மாதமே முதலாளி கிணற்றில் கவலை ஏற்றம் இழுத்த மாடுகளை விற்றுவிட்டார். ஆகவே எஞ்சின் நின்றால் தண்ணீர் இல்லை. தண்ணீர் மாற்றாவிட்டால் தொட்டியில் கிடக்கும் தோல் அழுகும். அந்த எஞ்சின் குடிப்பது குரூடாயில்.

அந்த மழைக்காலத்தில் வாணியம்பாடியில் உன் தங்கை கல்யாணம். நாலு நாள் லீவில் கிளம்பும்போது எண்ணெய்ப் பொறுப்பை என்னிடம் விட்டாய். பழைய பீப்பாய்கள் ஒழுகின. வேறு இரண்டு பீப்பாய் வாங்கி வைத்திருந்தாய். அதில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து எண்ணெய் பிடித்துவர வேண்டும்.

"தோஸ்த், பீப்பாய நல்லா துணி வுட்டுத் தொடச்சிடு. தண்ணி மட்டும் காட்டாத" என்றாய்.

பாய், என் புத்தி உனக்குத் தெரியாததா? நான் தொட்ட சாமானில் என் முகம் தெரிய வேண்டும். உள்ளே மீன் எண்ணெய் நாற்றம். துணிக்கு அது போகவில்லை. ஒரு பார் சவுக்காரம் வாங்கி, அங்கேயே சுண்ணாம்புக் குழிக் கிணற்றில் தண்ணீர் சேந்தி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். பிறகு ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தேன். பொட்டு ஈரம் இல்லை. உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுத்தத்தின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய் பிடித்துத் திரும்புகிற வழியில் மழை கொட்டியது. ஒரு மூடி சரியாக இறுகவில்லை. வண்டி சேற்றில் மாட்டிக்கொள்ள, பீப்பாய்களைக் கொட்டகை வரை உருட்டியே கொண்டுபோனோம்.

நீ திங்கட்கிழமை வந்தாய். செவ்வாய்க்கிழமை எஞ்சின் இருமியது, புகைந்தது, நின்றது. பீப்பாயைத் திறந்தால் கறுப்பு எண்ணெய் இல்லை. கேழ்வரகுக் கூழ் போல ஒரு பழுப்பு. ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்தோம். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் ஒரு ராத்திரியில் தானே கீழே இறங்கிவிடும் என்று நீ சொன்னாய். புதன்கிழமையும் அது அப்படியே இருந்தது. காய்ச்சிப் பார்த்தாய். பொங்கி வழிந்ததே தவிரப் பிரியவில்லை. ஸ்டேஷனுக்கு அடுத்த எண்ணெய் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

கழுவியதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. தண்ணீர் காட்டாதே என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் நான்தான் காயவைத்துவிட்டேனே, இது மழைத் தண்ணீர், என் தண்ணீர் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சவுக்காரம் என் கணக்கிலேயே வரவில்லை.

புதன் மத்தியானம் முதலாளி கொட்டகைக்கு வந்தார். அவர் கத்துகிற மனுஷர் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சி நான் வெளிய வர்றப்ப எஞ்சின் சத்தம் காதுல வுழணும். இல்லன்னா சனிக்கிழமை மெட்ராஸ்லேருந்து வேற டிரைவர் எண்ணெயோட வருவான். இது இன்னா சின்ன விஷயமா? ரெண்டு தொட்டித் தோலு கிடக்குது."

அவர் போனதும் நீ கீழே உட்கார்ந்து எஞ்சினைத் துணியால் துடைத்தாய். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அந்த எஞ்சினைப் பாகம் பாகமாகப் பிரித்து வண்டியில் ஏற்றி வந்ததும் நீ, பூட்டி ஓடவைத்ததும் நீ. இன்னொருத்தன் கை அதன் மேல் படுவதை உன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று உன் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. எடைக்கு வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், காயில் படம் இருக்கிறதே என்று கிழித்து வைத்திருந்த தாள். கடைக்கு ஓடி எடுத்து வந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அமெரிக்காவில் கிணற்றிலிருந்து எடுக்கும் எண்ணெயிலேயே இப்படித் தண்ணீர் கலந்துகொண்டு பிரியாமல் கிடக்குமாம். அதைப் பெரிய மின்சாரத்துக்கு நடுவில் விட்டுப் பிரிக்கிறார்களாம். எண்ணெய் வழியாக மின்சாரம் ஓடாது. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு தண்ணீர்த் துளிக்கும் ஒரு பக்கம் கூட்டல், மறு பக்கம் கழித்தல் என்று ஆகிவிடும். ஒரு துளியின் கூட்டல் அடுத்த துளியின் கழித்தலை இழுக்கும். சேர்ந்து சேர்ந்து பெருக்கும். கனத்ததும் கீழே இறங்கும்.

"அமெரிக்காத் தண்ணிக்குத் தெரியுது சரி, பாலாத்துத் தண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாய். இரண்டு நாளில் முதல் தடவையாக உன் பல் தெரிந்தது.

பழைய கார் ஒன்றின் காயில் பெட்டி என்னிடம் இருந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் பாட்டரியின் சாது மின்சாரம் போய் வெளியே வரும்போது பேய் மாதிரி வரும். வியாழன் காலையில் அதைக் கொட்டகைக்கு வெளியே வைத்தோம். இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே அந்தப் பழுப்பில் ஒரு சொட்டு. இரண்டு ஓரத்திலும் டீப் பெட்டியின் ஈயத்தாள். கடிகாரக்காரரிடம் கெஞ்சி வாங்கிய லென்ஸ் உன் கண்ணில். நான் கம்பியைத் தொட்டேன். பெட்டி கொர்ரென்றது.

நீ குனிந்தவன் நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பாய் தெரியுது?"

"நோன்புக் கஞ்சிக்கு வரிசை கட்டுன மாதிரி நிக்குதுப்பா. ஒண்ணு பின்னாடி ஒண்ணு. இரு, இரு. ரெண்டு ஒண்ணாச்சி. தோ, மூணு."

லென்ஸைப் பிடுங்கி நானும் பார்த்தேன். பாய், அதற்குப் பிறகு எத்தனையோ எஞ்சின், எத்தனையோ மோட்டார் பார்த்துவிட்டேன். அந்தச் சொட்டுக்குள் பார்த்ததுபோல் எதையும் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகள் திடுக்கென்று விழித்துக்கொண்டு, வரிசை பிடித்து, முன்னால் இருப்பவனை மோதி, ஒன்றாகி, உருண்டையாகி நகர்ந்தன. சின்னப் பிள்ளைகள் போல நாம் இருவரும் அந்த ஒரு லென்ஸுக்கு அடித்துக்கொண்டோம்.

அந்தச் சந்தோஷம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ஒரு மண்ணெண்ணெய் டின்னில் பழுப்பை ஊற்றி இரண்டு தகடு இறக்கினோம். துளிகள் வரிசை கட்டின. கட்டிய வரிசை ஒரு தகட்டிலிருந்து மறு தகடு வரைக்கும் பாலம் போட்டுவிட்டது. மின்சாரம் அந்தத் தண்ணீர்ப் பாலத்தில் குறுக்கே ஓடிற்று. படார் என்று ஒரு பொறி. டின் வாயில் தீ. நீ ஈரச் சாக்கைத் தூக்கி அமுக்கினாய். உன் இடது புருவம் போயிற்று. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் நான் சிரித்தேன், நீ என் முதுகில் ஒன்று வைத்தாய்.

தகட்டைத் தள்ளி வைத்தால் இழுப்பு போதவில்லை. கிட்டே வைத்தால் பொறி. மத்தியானம் வரை இதே பேஜார். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துபோயிற்று. நீதான் ஒற்றைப் புருவத்தோடு சொன்னாய்:

"நடுவுல கோஷா போடுய்யா. ஒண்ண ஒண்ணு பாக்கட்டும். தொடக்கூடாது. எங்க வூட்டுக் கல்யாணத்துல திரை போடல?"

நாலு நாள் முன்பு உன் தங்கைக்குக் கட்டிய திரை உன் கண்ணில் இருந்தது. எனக்கு உடனே பிடிபட்டது. கண்ணாடி! ஒரு நீளக் கழுத்துச் சீசாவில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கம்பியை அதற்குள் விட்டு, சீசாவை டின் நடுவில் தொங்கவிட்டோம். இன்னொரு கம்பி டின்னின் உடம்பிலேயே. இப்போது துளிகள் எவ்வளவு பாலம் கட்டினாலும் கண்ணாடியில் வந்து முட்டி நிற்க வேண்டியதுதான். எண்ணெய் இளகட்டும் என்று டின்னைச் சுற்றி வெந்நீர். பெட்டி கொர்ரென்றது. பொறி இல்லை. காத்திருந்தோம். அடியில் வைத்த திருகைத் திறந்தாய். தண்ணீர் வந்தது. வெறும் தண்ணீர். மேலே கையை விட்டுத் தூக்கினால் கன்னங்கரேலென்று எண்ணெய், மினுமினுவென்று. நீ அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "வந்துட்டியா" என்று கேட்டாய்.

தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு ஏடு தங்கியிருந்தது. வெளுப்பாக, பிசுபிசுவென்று. நீ அதை விரலில் எடுத்துத் தேய்த்தாய். முகர்ந்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய்.

"இன்னா பாய் அது?"

"ஒண்ணுமில்ல. அழுக்கு" என்று லுங்கியில் துடைத்துக்கொண்டாய்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள் இரண்டு டின் சேர்ந்துவிட்டது. ஊதுவிளக்கால் எஞ்சின் தலையைக் காய்ச்சி, சக்கரத்தைச் சுண்டினாய். டொப். கொஞ்சம் யோசித்தது. டொப், டொப், டொப். கிணற்றுக் குழாய் இருமி, முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் தொட்டியில் கொட்டிற்று. தொட்டிக்காரர்கள் வேலையை விட்டு ஓடிவந்தார்கள். நீ குளித்து, தொப்பி வைத்து, தொழுகைக்குக் கிளம்பினாய்.

"என்ன வுட்டுட்டுப் போறியே, நின்னுச்சுன்னா?"

"நிக்காது. முதலாளி முன் வரிசையில இருப்பாரு, காது மட்டும் இங்கதான் இருக்கும். பாத்துக்க."

அந்த ஒரு மணி நேரம் நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வரும் சத்தம் கேட்கிற நேரம் பார்த்து எஞ்சின் ஒரு டொப்பை விழுங்கியது. இன்னொன்றையும் விழுங்கியது. எனக்கு உயிர் போயிற்று. எஞ்சினின் எண்ணெய் டாங்க்கில் அடித் திருகைத் திறந்தேன். ஒரு கரண்டி தண்ணீர் விழுந்தது. மூடினேன். டொப். டொப். டொப்.

முதலாளி உன்னோடு உள்ளே வந்தார். எஞ்சினைப் பார்த்தார், சீசாவைப் பார்த்தார், உன் புருவத்தைப் பார்த்தார். "சரி. தப்பு யாருது?" என்று மட்டும் கேட்டார்.

நான் மழை என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "என்னுதுதான் முதலாளி. பீப்பாய நான் பாத்திருக்கணும்."

அவர் போனதும் என் தோளில் கைபோட்டு, "வாங்க சவுக்காரே, டீ குடிக்கலாம்" என்றாய். அன்று தொடங்கியதுதான் அந்தப் பேர். சாகிற வரைக்கும் நீ என்னை வேறு பேரில் கூப்பிடவில்லை. பையில் ஒரு அணா இல்லாதவனைப் பணக்காரச் சவுக்கார் என்கிறான், போகட்டும், தோஸ்த்துதானே என்று நானும் சிரித்துக்கொண்டேன். ஒரு தடவை கோபம்கூட வந்தது. "சவுக்காரு, சவுக்காருன்னு மானத்த வாங்காத பாய்" என்றேன். "உன் மானத்துக்குத்தான்யா அந்தப் பேரு" என்றாய். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

இன்று காலை என் விரலிடுக்கில் அந்த ஏட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சவுக்கார் இல்லை. சவுக்காரம். சுண்ணாம்புத் தண்ணீரும் சவுக்காரமும் சேர்ந்து பீப்பாயில் படிந்த வெள்ளைதான், மழைத் தண்ணீரையும் எண்ணெயையும் பிரியவிடாமல் பிடித்து வைத்திருந்தது. முகர்ந்த அந்த நொடியே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் முதலாளியிடம் உன் தப்பு என்றாய். தெரிந்துதான் சாகிற வரை என் தலையில் அந்தப் பேரைத் தட்டித் தட்டிப் பார்த்தாய், இந்த மடையனுக்கு என்றைக்காவது கேட்குமா என்று.

கேட்டுவிட்டது பாய். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருக்கிறது. இப்போது வேலூரில் இருக்கும் என் கடைக்கு வரும் பஸ்காரர்கள் எல்லாரும் உன்னிடமிருந்து அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டவர்கள்தான். அவர்களுக்கு அர்த்தம் தெரியாது, நான் சொல்லப்போவதும் இல்லை. மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பின்னாலிருந்து ஒருத்தன், "சவுக்காரே" என்று கூப்பிட்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அது என் பேர் என்று தெரிந்து திரும்பிப் பார்த்தேன்.