டாக்டர் கேட்ட இரண்டாவது மிரர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா என்று விவரமாக ஒரு வரி எழுது, போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் நல்லாயிருக்கோம் என்ற ஒரே பதில்தான் வருகிறது. அப்பா கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் "தானா வந்த வலி தானா போகும்" என்கிறார். இருபத்திரண்டு வருஷம் பல் டாக்டர் பக்கத்தில் நின்று ஊரார் வாயையெல்லாம் பார்த்தவள் வீட்டில் இந்தக் கூத்து. சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது, மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும் குறையவில்லை.

என் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பெண் ஒருத்தி இருக்கிறாளே, எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடுவார்கள், அவள் தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன், முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் முதல் தப்பு என்னுடையது. நான் கிளினிக்கை விட்டு இந்தப் பல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்த வந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னமும் யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். பட்டாணி எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். பல் மருத்துவத்திலோ எல்லோர் வாயும் மாஸ்க்குக்குள். அதனால் முதல் வாரமே நான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கருவி கழுவி வேக வைக்கிற ரூம் வேலை உனக்குச் சரியா வரும்மா" என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "கழுவுறதுக்குப் படிப்பு எதுக்கு டீச்சர்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முதல்வரோ "நர்ஸுக்குக் காதுதாம்மா முக்கியம், பொண்ணுக்கு ஏன் வீணா ஆசை காட்டறீங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். திங்கள்கிழமை என் பழைய கிளினிக்குக்குப் போய், பழகின டாக்டர்தானே என்று, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு கருவிகூடத் தப்பாகக் கொடுக்கவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இத்தனை வருஷமும் நான் டாக்டரின் வாயைக் கேட்டதே இல்லை, கையைத்தான் பார்த்திருக்கிறேன். இடுக்கி வேண்டுமென்றால் விரல் ஒரு மாதிரி குவியும், சொத்தை சுரண்டுகிற குட்டிக் கரண்டி வேண்டுமென்றால் உள்ளங்கை மேலே பார்த்து ஆள்காட்டி விரல் வளையும், இப்படிப் பதினான்கு இருக்கிறது. வகுப்பில் எல்லோரையும் காதில் பஞ்சு வைக்கச் சொல்லி அந்தப் பதினான்கையும் படமாக வரைய வைத்தேன், களிமண்ணில் பிடிக்க வைத்தேன், ஒருத்தி டாக்டராகவும் ஒருத்தி நர்ஸாகவும் ஊமை நாடகம் போட்டார்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் படிக்க வந்த ஒரு அம்மாவுக்கு எழுதுவதென்றாலே வராது, அவர் எல்லாப் பெயரையும் நாடகத்திலேயே கற்றுக்கொண்டார். சிரிப்புக்குக் குறைவில்லை. முதல்வர் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார், கடைசியில் சலுகை எதுவும் கிடையாது என்ற பேச்சோடு அவளையும் தேர்வுக்கு அனுப்பச் சம்மதித்தார்.

தேர்வு போன செவ்வாய்க்கிழமை. வெளியிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் பொம்மைத் தலையில் பல் அடைப்பார், பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒரு அம்மாள் மூலையில் உட்கார்ந்து அவர் கேட்டதையும் இவர்கள் கொடுத்ததையும் தாளில் குறிப்பார். ஒன்று தப்பினாலும் அந்த வருஷம் போயிற்று. சொல்லிக்கொடுத்தவர்கள் அறையில் நிற்கலாம், வாயைத் திறந்தால் பிள்ளையின் தேர்வு ரத்து. பட்டாணி ஒன்பதாவது ஆள், டாக்டர் அதற்குள் களைத்துவிட்டார். வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை, மிரர் என்போமே, அதை இடது கையில் பிடித்துக்கொண்டே வலது கையை நீட்டி மாஸ்க்குக்குள்ளிருந்து "மிரர்" என்றார். கையோ கரண்டிக்கு வளைந்திருந்தது. அவள் கரண்டியைக் கொடுத்தாள். அவர் பாட்டுக்கு வாங்கிச் சுரண்டி, அடைத்து, வேலையை முடித்தார். மூலையிலிருந்த அம்மாள் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அது என் கண்ணில் பட்டது.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டாக்டரிடமும் நீங்கள் சொன்னது தப்பு என்று நான் சொன்னதில்லை. அவர் மாஸ்க்கைக் கழற்றுகிறவரை காத்திருந்து, "தேர்வு முடிஞ்சுதா டாக்டர்" என்றேன். முடிந்தது என்றார். "அப்போ நான் பேசலாம். நீங்க மிரர் கேட்டீங்க, உங்க கை கரண்டி கேட்டுது, அவ கரண்டி கொடுத்தா, நீங்களும் அதை வெச்சுத்தான் சுரண்டினீங்க" என்றேன். "நானா மிரர் கேட்டேன்" என்று மூலைப் பக்கம் பார்த்தார், அந்த அம்மாளும் ஆமாம் என்றார். தட்டில் இன்னொரு மிரர் தொடப்படாமல் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, தாளை வாங்கிப் பெருக்கல் குறியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டாணிக்கு ஒன்றும் புரியவில்லை, நான் என்ன பேசினேன் என்று வெளியே வந்துதான் கேட்டாள். நேற்று முடிவு வந்தது, தேறிவிட்டாள். என் பழைய கிளினிக்கிலேயே சேர்கிறாள்.

எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தபோது எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். ஐந்தாம் வகுப்பில் பாட்டு ஒப்பிக்கும்போது உனக்குத் திக்கிவிட்டது, மனப்பாடம் செய்யவில்லை என்று டீச்சர் பூஜ்யம் போட்டார், என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன், வழியில் "அடுத்த தடவையாவது ஒழுங்காப் படி" என்று வேறு சொன்னேன். முந்தின நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, நீ பின்னால் நின்று அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு திக்கல் இல்லாமல் சொன்னாய். உனக்குத் தெரியும் என்பது அந்த வகுப்பறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. தப்புதான் கண்ணம்மா, என்னை மன்னித்துவிடு.

வேலை வேலை என்று பல்லைக் கவனிக்காமல் விடாதே, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டு, அப்பாவின் புத்தி உனக்கு வேண்டாம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இதற்குப் பதில் போனில் வேண்டாம், நிதானமாக எழுது, என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா