அலெக்சாந்திரியா எந்தப் பக்கம்?

1934 பிப்ரவரி 11, கெய்ரோ

காற்று. அல்மாஸா விமானத் திடலில் இன்றும் பறக்க விடவில்லை. கொட்டகைக்கும் காப்பிக் கடைக்குமாக நடந்து செருப்புத்தான் தேய்ந்தது. உரிமத்துக்கு ஒரே ஒரு பயணம் பாக்கி. தனியாக அலெக்சாந்திரியா போய்த் திரும்ப வேண்டும். ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு போகக் கூடாது, திசைகாட்டியை நம்பித்தான் போக வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் விமானப் பள்ளியை விட்டு வெளியே.

பயிற்சி தரும் கேப்டன் தஹ்ஸீன் என்னைக் கூப்பிடும் விதமே எரிச்சல். "எங்கய்யா நம்ம பிச்சைக்காரன்?" என் பெயர் ஷிஹாதா, அரபியில் அதற்கு அர்த்தம் பிச்சைதான். எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. கண் படக் கூடாது என்று அம்மா வைத்த பெயர். பாஷா பட்டம் வாங்கிய பிரபு வீட்டுப் பிள்ளை அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

பிப்ரவரி 14

அம்மா இன்றும் பேசவில்லை. நவம்பரில் நான் விமானச் சக்கரம் உடைந்து தரையிறங்கிய நாளிலிருந்து இப்படித்தான். ஒரே தட்டில் மொச்சை தின்கிறோம், நடுவில் தங்கை நாஹித். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ரொட்டி ஆறுது." நான் என்ன செவிடா?

பிப்ரவரி 20

வாசல் மேல் அடித்திருந்த குதிரை லாடத்தைக் காணோம். நான் பிறந்த வாரம் அம்மா திருஷ்டிக்காக அடித்தது. திருட்டுப் போயிருக்கும் என்றாள் நாஹித், என் முகத்தைப் பார்க்காமல். துருப்பிடித்த லாடத்தை எவன் திருடுவான்?

பிப்ரவரி 23

நாஹித் ஒரு மெத்தை கொடுத்தாள், விமான இருக்கையில் போட்டுக்கொள்ள. "கட்டையா இருக்குன்னு நீதானே புலம்புன? தைச்சது யாருன்னு கேக்காத."

கேட்கவில்லை. அம்மா கைத் தையலைப் பார்த்தால் தெரியாதா? சந்தோஷமாக இருந்தது. எழுதினால் என்ன, சந்தோஷம்தான்.

பிப்ரவரி 27, வாதி நத்ரூன்

ஆமாம், அலெக்சாந்திரியா இல்லை.

காலை ஏழுக்குக் கிளம்பினேன். கீழே ஒரே புழுதி மூட்டம். திசைகாட்டி முள் காட்டிய திசையை விட்டு ஒரு மயிரிழை விலகவில்லை. முக்கால் மணி கழித்துப் புழுதி விலகினால், கடலையும் காணோம், வயல்களையும் காணோம். உப்பு ஏரிகள், ஒரு மடாலயம். இறங்கினேன். துறவி ஒருவர் வந்து விமானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எங்க போறீங்க தம்பி?"

"அலெக்சாந்திரியாவுக்கு, அபூனா."

"அது எந்தப் பக்கம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

பருப்புக் கஞ்சி கொடுத்தார். இறக்கை நிழலில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று மெத்தையை உருவினேன். திசைகாட்டி முள் நகர்ந்தது. திரும்ப வைத்தேன், பழைய இடத்துக்கே போனது. எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். தையலைப் பிரிக்கவே வேண்டாம், அழுத்தினால் லாடத்தின் வளைவு கைக்குத் தெரிந்தது.

அம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? பாலைவனத்துக்கு நடுவுல பெட்ரோல் தீர்ந்திருந்தா?

பிப்ரவரி 28

"திசைகாட்டி சரியா இருக்கு. உன் தலைதான் சரியில்ல" என்றார் கேப்டன். "காரணம் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லு."

மெத்தை என் கக்கத்தில் இருந்தது. காட்டினால் தப்பித்திருப்பேன். பள்ளியே சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாளைக்கே அம்மா காதுக்குப் போகும். மகனைத் தன் கையாலேயே வழி தப்ப வைத்தோம் என்று தெரிந்தால் தாங்குவாளா?

"என் தப்புதான், கேப்டன்."

ஒரு வாய்ப்புப் போயிற்று.

மார்ச் 1

லாடத்தை எடுத்துவிட வேண்டியதுதானே? முடியாது. நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அம்மா மெத்தையை அழுத்திப் பார்க்கிறாளாம். நாஹித் சொன்னாள்.

மெத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பறந்தால்? அதுவும் முடியாது. அப்புறம் நாஹித் வழியாகக்கூட ரொட்டி வராது. கொட்டகையில் போட்டுவிட்டுப் பறக்கலாம், ஆனால் அதில் உட்கார்ந்தேனா என்று அம்மா நாஹித்தை விட்டுக் கேட்டால் அம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

மார்ச் 3

கடைசியில் மெக்கானிக் கேவோர்க்கிடம் சொன்னேன். ஆர்மீனியர், எங்கள் தெருவில் யாரையும் தெரியாது, வாய் திறக்க மாட்டார் என்று நம்பி. அவர் சிரித்த சிரிப்பில் கொட்டகைப் புறாக்கள் பறந்தன.

"தூக்கி எறி அதை."

"எறிய முடியாது, உஸ்தா. மெத்தையை வச்சுக்கிட்டே திசைகாட்டியச் சரி பண்ணுங்க."

"கிறுக்கா உனக்கு?"

திட்டிக்கொண்டேதான் செய்தார். மெத்தை நகராமல் நாலு மூலையிலும் கயிறு கட்டினோம். தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு விமானத்தைத் திசை திசையாகத் தள்ளித் திருப்பினோம். திசைகாட்டிக்குக் கீழே இருக்கும் குட்டிக் காந்தங்களை நகர்த்தி நகர்த்தி, மாலையில்தான் முள் வழிக்கு வந்தது. ஒரு அட்டையில் 'மெத்தையோடு மட்டும்' என்று எழுதித் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"இனிமே இது இல்லாமப் பறந்தாத்தான் நீ வழி தப்புவ" என்றார்.

மார்ச் 6

காற்று இல்லை. நாளைக்கு. மெத்தைக் கயிறுகளை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினேன்.

மார்ச் 7

கடல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. போனேன், திரும்பினேன். கேப்டன் கையெழுத்துப் போட்டார். ஷிஹாதா என்று, அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கைகொடுத்தார்.

கயிறுகளை அவிழ்த்து, மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாஹித் ஓடிவருவதற்குள் அம்மாவே அதை வாங்கிக்கொண்டாள். நடுவில் அழுத்தினாள். கட்டைவிரல் லாடத்தின் வளைவோடு மெதுவாகப் போய் நின்றது. நாலு மாதம் கழித்து, நேராக என்னிடம்:

"உக்கார வசதியா இருக்கா?"

"கொஞ்சம் குத்துதும்மா."

"குத்தட்டும்" என்றாள்.