மாணிக்கத்தாருக்கு ஒரு ஸ்கோப்

1977 ஏப்ரல் 2, சனி

காலை பனிப்புகார். கிரான்பர்ன் ஊரைத் தாண்டியும் விலகவில்லை. குறிபார்த்துச் சுடும் மைதானத்தில் பத்து மணிக்குப் பிறகுதான் முதல் வெடி.

எனக்கு வேலை பள்ளத்தில். இலக்குப் பலகைகளுக்கு அடியில் நிற்கும் வேலை. குண்டு தலைக்கு மேலே போகும். பலகையை இறக்கி, ஓட்டைக்குக் காகிதம் ஒட்டி, திரும்ப ஏற்றி, பட்ட இடத்தைச் சிவப்புத் தட்டால் காட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். அறுபத்தொன்பது வயதில் எழுத வந்தவன் எதை விடுவான்!

மாணிக்கத்தார் இன்று சுட்ட மூன்று குண்டும் பலகைக்கு வெளியே போயின. பட்டாளத்தில் இருந்தவர். போன வருடம் இப்படி இல்லை. ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதிலும் அழுத்தம் கூடும் நோய். சொட்டு மருந்து விடுகிறார். துவக்கின், அவர் பேச்சில் துப்பாக்கியின், முன்குறி மங்கலாகத் தெரிகிறதாம்.

"ஸ்கோப் மாட்டிட்டா சரியாப் போவும் வே. மே ஏழாந் தேதி எண்ணூறு கெஜப் போட்டி. அன்னிக்கு ஸ்கோப்புக்கு அனுமதி உண்டு. ஒரு தடவை நல்லாச் சுட்டுட்டு விட்டுருதேன்."

ஸ்கோப் என்றால் துவக்கின் மேல் பூட்டும் தூரக்கண்ணாடி. அவர் திருநெல்வேலி. நான் யாழ்ப்பாணம். 'வே' என்றால் முதலில் எனக்குக் கோபம் வரும். இப்போது சொல்லாவிட்டால்தான் கோபம். நான் அவரை 'ஐசே' என்பேன்.

அவர் அன்று சுட வேண்டும். எனக்கு இப்போது வேறு காரியம் இல்லை. பள்ளத்துக்கு முறை வரும்போதெல்லாம் மண்சுவரில் வெற்றுத் தோட்டாவால் அ, ஆ கீறிக் காட்டி எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் அவர். இனி மா. என்று எழுதுவேன். நீளப் பெயர். கை உளைகிறது.

ஏப்ரல் 5, செவ்வாய்

மழை. டண்டினோங் துவக்குக் கடை. மா.வின் மகன் காரில் இறக்கிவிட்டுப் போனான். கடைக்கார பில் எங்கள் சூட்டுக் கழகத்து ஆள். மூன்று ஸ்கோப்பை நம்பித் தந்தார். வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாததைத் திருப்பிக் கொடுக்கலாம்.

1. ஜப்பான். புதுசு. உருவை மூன்று மடங்கிலிருந்து ஒன்பது வரை கூட்டிக் குறைக்கலாம். நல்ல மினுக்கம்.
2. ஜெர்மன். இரும்புக் குழாய். பழசு, பாரம். ஆனால் கண்ணாடி! மழைக்குள் நின்ற மரத்தின் பட்டை தெரிந்தது.
3. அமெரிக்கா. ஆறு மடங்கு. கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. உடம்பெல்லாம் கீறல். முன்பு முயல் வேட்டைக்காரர் ஒருவர் வைத்திருந்ததாம்.

நான் ஒவ்வொன்றாலும் தெருவைப் பார்த்தேன். மா. ஒவ்வொன்றையும் காதோடு வைத்துக் குலுக்கினார். உள்ளே கண்ணாடி தளர்ந்திருந்தால் சத்தம் வருமாம்.

"என்ன தெரியுது, சொல்லும்."

"எதிர் பேக்கரியில பாண் அடுக்கியிருக்கு. ஒரு மனிசி மூக்குச் சிந்துறா."

"எந்தக் கையால?"

"வலக்கை."

"அப்ப நல்ல கண்ணாடிதான்."

கடையில் இருந்த எல்லோரும் எங்களைப் பார்க்கும்படி சிரித்தோம்.

ஏப்ரல் 9, சனி

ஈஸ்டர். மைதானம் பூட்டு. மா. எங்கள் வீட்டில்.

உடுப்புத் தோய்க்கும் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர். மூன்றையும் முக்கினோம். பில் சொன்ன சோதனை. உள்ளே காற்றைத் துரத்தி வேறு வாயு அடைத்திருப்பார்கள். எங்காவது கசிந்தால் குமிழி வரும். பிறகு குளிர் காலையில் உள்ளே பனி பிடிக்கும். சுட வந்தவன் வெள்ளையைத்தான் பார்ப்பான்.

ஜப்பானில் குமிழி. எனக்கு முன்னால் மா. கண்டுபிடித்தார். முழங்கை வரை கையை விட்டுக் குழாயைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்தா, விரல்ல ஊருது. இது வேண்டாம்."

மற்ற இரண்டையும் குளிர்ப்பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தோம். சிவமணி ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து உறங்கி எழும்பி வந்தாள். என் மகள். நேர்ஸ். கோபம் வந்தால் தாயைப் போல.

"அப்பா! மீனோட என்ன இது?"

"ஸ்கோப், பிள்ளை. பனி பிடிக்குதோ எண்டு பாக்கிறம்."

"உங்கட கண்டறியாத சாமானுக்கு என்ர குளிர்ப்பெட்டிதான் கிடைச்சுதோ? மாணிக்கம் அங்கிள், நீங்களுமோ?"

"நான் வேண்டாம்னுதாம்மா சொன்னேன். உங்கப்பாதான்."

பச்சைப் பொய். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

இரண்டிலும் உள்ளே பனி இல்லை. மத்தியானம் அந்த மீனே குழம்பு.

ஏப்ரல் 14, வியாழன்

வருஷப் பிறப்பு. சிவமணி பொங்கினாள். வானம் மப்பு.

ஜெர்மனா, அமெரிக்காவா? சண்டை. நான் ஜெர்மன். அந்தக் கண்ணாடி எங்கே, இது எங்கே! மா. கேட்கவில்லை. ஜெர்மனில் குறியைத் திருத்தும் குமிழைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகிறது. எவ்வளவு திருப்பினோம் என்று சின்னக் கோடுகளைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு படிக்கும் கிளிக்.

"கிளிக் வேணும் வே. காதுக்குக் கேக்கணும், விரலுக்குத் தெரியணும். அதோட இது ஒரே மடங்கு. உள்ள ஆடுத சாமான் கம்மி. ஆடாதது உடையாது."

"பாக்கிறதுக்குத்தானே ஐசே ஸ்கோப்? கேக்கிறதுக்கே?"

"இருபது வருஷம் உழைக்கணும்."

"உமக்கு எழுபத்தொண்டு!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பொங்கலை இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார்.

அமெரிக்காதான்.

ஏப்ரல் 16, சனி

வெயில். சுடும் மேட்டில் பாய் விரித்து, துவக்கில் ஸ்கோப் பூட்டினோம். ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்திச் சுடுபவரின் கண்ணுக்குச் சரியான தூரத்தில் இறுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும்.

"படுத்துக்கிடும். கண்ணை மூடிட்டுக் கன்னத்தை வையும். இப்பத் திறவும். வட்டம் முழுசாத் தெரியுதா? ஓரத்துல கறுப்பு இருக்கா?"

"உமக்கல்லோ பொருத்த வேணும்?"

"உம்ம கழுத்தும் என் கழுத்தும் ஒண்ணுதான்."

அவருடையது கொக்கின் கழுத்து. எனக்குக் கழுத்தே இல்லை என்று என் மனைவி இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் படுத்தேன். கறுப்பு விலகி வட்டம் நிறைந்ததும் இறுக்கினார்.

ஏப்ரல் 23, சனி

தூறல்.

இன்று கடைசிச் சோதனை. மா. தோள் நோகிறது என்றார். அதனால் நான் சுட்டேன். அவருடைய துவக்கால் சும்மா சுட்டுப் பார்த்ததுதான் என் பழக்கம். ஒரு குண்டு. பிறகு அவர் குமிழை மேலே திருப்ப, ஒன்று. வலப்பக்கம் திருப்ப, ஒன்று. கீழே, ஒன்று. இடது பக்கம் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்று. நல்ல ஸ்கோப் என்றால் ஐந்தாவது குண்டு முதல் ஓட்டைக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பியது! இரண்டு ஓட்டையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, எட்டு எழுதினதுபோல. நான் கத்தினேன்.

"வந்துட்டா?"

"வந்திட்டுது! நீரே பாரும்."

அவர் படுத்தார். கண்ணை வைத்தார். கனநேரம் பார்த்தார்.

"அருமை வே. ரெண்டும் பளிச்சுன்னு தெரியுது."

ஓட்டைகளைப் பார்த்த கையோடு, தூறலுக்காக நான் ஸ்கோப்பின் முன்னால் தோல் மூடியைப் போட்டிருந்தேன். அது இன்னும் போட்டபடி இருந்தது.

அவர் எழும்பிய பிறகு மெல்லக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

பின்னேரம் சிவமணியைக் கேட்டேன்.

"அந்த நோயில போன பார்வை திரும்பாது, அப்பா. ஸ்கோப் பெருசாக்கித்தான் காட்டும். காணாத கண்ணுக்கு என்னத்தைக் காட்டும்?"

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாம இருக்குமோ, அப்பா."

காதில் குலுக்கியது. தண்ணீருக்குள் கை. கிளிக். என் கழுத்து.

இன்று இவ்வளவும் எழுத ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஒரு எழுத்தும் அழகாக வரவில்லை.

ஏப்ரல் 30, சனி

காற்று. தேநீர்க் கொட்டகைக்குப் பின்னால் நானும் மா.வும் மட்டும்.

"சொல்லும் ஐசே. ஆருக்கு அந்த ஸ்கோப்?"

"துப்பாக்கிக்கு."

"பகிடி விடாதேயும். மூடி போட்டிருந்தது."

அவர் தேநீரை ஊதினார். ஆறிப்போன தேநீர்.

"அப்படியா? நான் மழைன்னு நெனைச்சேன்." பிறகு, "தை மாசத்தோட போச்சு வே. வெளிச்சம் தெரியும். ஆள் நிக்கது தெரியும். யாருன்னு தெரியாது. உம்மைச் செருப்புச் சத்தத்துல கண்டுக்கிடுவேன்."

"அப்ப ஏன் இந்தப் பாடு?"

"மே ஏழு நீர் சுடுதீரு. நான் பக்கத்துல படுத்துக் காத்துச் சொல்லுதேன், குமிழைத் திருப்புதேன். என் துப்பாக்கி வீட்டு மூலையில கெடந்து துருப்பிடிக்கக் கூடாது. நல்ல ஸ்கோப்பு. இருபது வருஷம் வரும்."

"எனக்கு அறுபத்தொன்பது!"

"எண்பத்தொம்பது வரைக்கும் பாரும்."

நான் பள்ளத்து ஆள், எண்ணூறு கெஜம் என்னால் ஏலாது என்றேன்.

"எழுத்தும் ஏலாதுன்னுதான் சொன்னீரு."

பள்ளத்துக்குப் போனேன். பழைய மண்சுவரைப் பார்த்தேன். மழையில் எழுத்து ஒன்றும் மிச்சம் இல்லை. அங்கே நின்றுதான் அழுதேன். மேலே வெடிச்சத்தம், ஒருவருக்கும் கேட்காது.

மே 7, சனி

குளிர். புகார் இல்லை. சிவமணி பின்னிய கம்பளிச் சட்டை. ஸ்கோப்புக்குள் பனித்துளி ஒன்றும் இல்லை. தண்ணீரும் மீனும் பொய் சொல்லவில்லை.

மா. எனக்கு இடப்பக்கம் படுத்தார். தொப்பியைக் கழற்றி வைத்தார், காதில் காற்றுப் பட. கொடி அடிக்கும் சத்தத்தைக் கேட்டு, "கூடுது… இரும்… இப்பக் குறையுது." இரண்டு கிளிக். "சுடும்."

எண்ணூறு கெஜத்தில் பலகை தபால் முத்திரை அளவு. ஆறு மடங்கில் கொஞ்சம் பெரிய முத்திரை. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் சிவப்புத் தட்டு எங்கே என்று நான் சொன்னேன். ஒரு தடவை நடுவுக்குப் பக்கம். அவர் பாயைத் தட்டினார். பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம்.

கடைசிக் குண்டு.

"என்ன காட்டுதான்?"

நடு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல்தானே.

"கீழ்மூலை. இடப்பக்கம். பலகை ஓரம்."

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"காத்து திரும்புனதை நான் கேக்கலை. என் தப்பு," என்றார். என் முதுகில் கை வைத்தார். "இப்படியே சொல்லும், வே. எப்பவும் இப்படியே சொல்லும்."

எங்களுக்குப் பரிசு ஒன்றும் இல்லை. சுட்டு முடிந்தது, துவக்குகளை வெறுமையாக்கச் சொன்னார்கள். எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். மா. எழும்பவில்லை. விரலால் தடவித் தடவிக் கைத்திருகுகளைக் கழற்றி, ஸ்கோப்பை மட்டும் என் கையில் தந்தார்.

"பாரும். என்ன தெரியுது?"

"சிவப்புக் கொடியை இறக்குகினம்."

"ம்."

"பலகைச் சட்டத்தில ரெண்டு பறவை. கறுப்பும் வெள்ளையும்."

"ம்."

"பள்ளத்திலயிருந்து ஆக்கள் ஏறி வருகினம். ஒருத்தன் என்ர பழைய கோட்டைத் தோளில போட்டிருக்கிறான்."

"எந்தத் தோள்ல?"

"இடத் தோள்."

"ம். அப்புறம்?"