இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அக்டோபர் 8, செவ்வாய்

இந்தக் காலாண்டின் போதைப்பொருள் சோதனைப் பட்டியல் என் ஆபீஸ் மேசைக்கு வந்தது. எங்கள் பதினோரு லாரி டிரைவர்களில் யாருக்குச் சிறுநீர்ச் சோதனை என்பதை எங்கோ ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. இந்த முறை கார்டி நியெமி. இருபது வருஷமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். "லாட்டரில ஒரு தடவைகூட விழல, இதுல மட்டும் கரெக்டா விழுது" என்று முனகிக்கொண்டே போனார்.

அக்டோபர் 11, வெள்ளி

கஞ்சா! கார்டிக்கா? சோதனை முடிவைப் பார்க்கும் டாக்டர் போனில் சொன்னதும் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிலைக்கவில்லை.

கார்டி நேராக என் மேசைக்கு வந்தார். "இடுப்பு வலிக்கு ஒரு மிட்டாய் சாப்பிட்டேன், மார்கிட். மினசோட்டா அரசாங்கமே விக்கலாம்னு சொன்ன மிட்டாய்! பில்லு காட்டட்டுமா?"

விற்கலாம் என்கிறது மாநிலம். லாரி ஓட்டுகிறவன் தொடக்கூடாது என்கிறது மத்திய அரசு. எங்கள் பட்டறை மெக்கானிக் அதையே சனிக்கிழமை வீட்டில் தின்றால் கேட்பாரில்லை. எனக்கே தலை சுற்றுகிறது, கார்டிக்குச் சுற்றாதா?

முதலாளி ரால்ஃப் கதவருகில் நின்றபடியே சொன்னார்: "மத்திய சட்டம். நாம என்ன பண்ண முடியும்? செவ்வாய்க்கிழமை வேலைநீக்கக் கடிதத்தைக் குடுத்துடு."

ஐம்பத்தெட்டு வயதில் கார்டியை வேறு யார் எடுப்பார்கள்?

அக்டோபர் 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலிருந்து மத்திய அரசின் விதிகளைத்தான் படிக்கிறேன். இத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு நாளாவது முழுசாகப் படித்தேனா?

உடனே லாரியிலிருந்து இறக்க வேண்டும் — சரி. போதைப்பழக்க ஆலோசகர்களின் பட்டியல் கொடுக்க வேண்டும் — சரி. ஆலோசகர் சொன்னதை முடித்து, மறுசோதனையில் தேறினால் திரும்ப ஓட்டலாம். அதன் பிறகும் திடீர்ச் சோதனைகள் உண்டு. வேலையை விட்டு அனுப்பு என்று எங்கே இருக்கிறது? மூன்று முறை தேடினேன். இல்லை. வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் முதலாளி இஷ்டமாம்.

அப்படியானால் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த சட்டம் எது?

அக்டோபர் 14, திங்கள்

கிடைத்துவிட்டது. எங்கள் கம்பெனிக் கையேடு, ஆறாம் பக்கம்: "உடனடி வேலைநீக்கம்." நான்தான் டைப் அடித்தேன். டெக்சாஸில் ரால்ஃபின் மைத்துனர் வேலை பார்த்த கம்பெனியின் கையேட்டை வாங்கி, பெயரை மட்டும் மாற்றினேன்.

ஐயோ, வெர்னன் ஆஹோ! நாலு வருஷத்துக்கு முன்னால சோதனையில மாட்டின அந்த ஆள இதே வரியக் காட்டித்தானே அனுப்பினேன்? "சட்டம், வெர்னன். என் கையில இல்ல"ன்னு எவ்வளவு தைரியமா சொன்னேன். என் கையிலதானே இருந்துச்சு!

அக்டோபர் 15, செவ்வாய்

கடிதத்துக்குப் பதில் கையேட்டை ரால்ஃப் முன்னால் வைத்தேன்.

"யாரு எழுதினது இத?"

"நான்."

"கையெழுத்துப் போட்டது?"

"நீங்க."

ரால்ஃப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "தேறுற வரைக்கும் பட்டறையில இருக்கட்டும். ஆனா இன்னொரு தடவை மாட்டினான்னா என்கிட்ட வராத."

வெர்னனைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 16, புதன்

கார்டியின் மனைவி ஏலக்காய் ரொட்டி கொடுத்தனுப்பினாள். மேலே ஒரு சீட்டு: "பயப்படாம சாப்பிடு, இதுல ஒண்ணும் கலக்கல."

ஜனவரி 9, வியாழன்

கார்டி தேறிவிட்டார். நேற்றுப் பெய்த பனியை இன்று அவர்தான் தள்ளினார். எங்கள் வாசலைத் தாண்டும்போது ஹார்ன் அடித்துத் தெருவையே எழுப்பினார், மனுஷன்.

ஜனவரி 10, வெள்ளி

வெர்னனைக் கூப்பிட்டேன். இப்போது மளிகைக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறாராம். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"சட்டம்னு சொன்னியே, மார்கிட். அதனாலதான் நான் ஒரு வார்த்தை கேக்காம போனேன்."

மன்னிப்புக் கேட்டேன். இங்கே ஒரு டிரைவர் இடம் காலி, ஆலோசகர் விவரமெல்லாம் நானே பார்த்துத் தருகிறேன், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "அந்தச் சட்டம் இருக்கற பேப்பரை எனக்கு அனுப்பு, நானே படிச்சுக்கறேன்" என்றார்.