அய்யனின் கட்டைவிரல்

கோலார், 1936 தை

அய்யனுக்கு வீரன் கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? சுனையடியில் நின்று அம்மா என்னைக் கூப்பிடும் குரல் இந்தத் தங்கச் சுரங்கத்துக்குள்ளும் கேட்கிறது.

நம் மலைப்பக்கம் வெள்ளைக்கல் தோண்டும் கம்பெனியின் ஏஜெண்டு இங்கேயே வந்துவிட்டார்.

"உங்கய்யன் மலங்காட்டை எழுதிக் குடுத்துட்டாரு, நீயும் கையெழுத்துப் போடு" என்றார்.

காகிதத்தில் இடது கட்டைவிரல் ரேகை இருந்தது.

"எங்கய்யனோட அந்த வெரலைக் கரடி கடிச்சுத் துண்டாக்கி இருவது வருசமாச்சுங்க" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அறைந்தார், வீக்கம் வடிந்துவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். காகிதத்தை மட்டும் நான் விடவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். சேலம் கலெக்டரிடம் இதையும் உங்கள் கையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இங்கே கடையில் சாமை கிடைக்கிறது. ஆனாலும் நம் காட்டுச் சாமை ஒரு படி அனுப்புங்கள். சங்கு ஊதுகிறது, குழியில் இறங்க வேண்டும்.