செல்லாயியை அனுப்பியது யார்

பீடோங், கெடா
பிப்ரவரி 11

அன்புள்ள ஜெசிகாவுக்கு,

நம் மகளிர் விடுதலைக் குழுவின் வரலாற்றை இனி இரண்டு காலமாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கும்: நாற்காலிகளை வரிசையாகப் போட்ட காலம், வட்டமாகப் போட்ட காலம். கிறிஸ்மஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் மண்டபத்தில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு, நாற்காலிகள் இனி வட்டமாகவே போடப்படும் என்று முடிவாயிற்று. ஒருவர் மட்டும் வாக்களிக்கவில்லை. நாற்காலிகளை எடுத்துப் போடுவது அவர் வேலை.

உலகத்துப் பெண்கள் இயக்கமெல்லாம் வட்டமாகத்தான் உட்காருகின்றன என்று, சியாங் மாயிலிருந்து நீ அனுப்பிய படங்களைக் காட்டி மருதம்மாள் அக்கா வாதாடினார். வட்டத்தில் தலைமை கிடையாது என்றார். தலைவர் அவர்தான் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

வட்டத்தில் கடைசி வரிசையும் கிடையாது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. கடைசி வரிசையில் பல வருஷமாக உட்கார்ந்துவந்த துவானை நீ மறந்திருக்க மாட்டாய். போலீஸ் உளவுப் பிரிவுக்காரர், கட்டம் போட்ட சட்டை, மீஹூனுக்குக் கூடுதல் சம்பல் கேட்பவர். பெண்கள் உடுத்திய கைலிக்கு அடியில் போனால் ஆணின் வீரம் போய்விடும் என்று நம்பும் ராணுவத்தைத் தடுக்கப் பர்மியப் பெண்கள் தெருவின் குறுக்கே கைலிகளைக் கட்டியபோது, அவர்களுக்கு ஆதரவாக நாமும் மண்டப வாசலில் கட்டினோமே, அன்று குனிந்து உள்ளே வந்தாரே, அவர்தான். முதல் வட்டத்தில் எனக்கும் கமருன்னிசாவுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். தன்னை ஒடுக்குவது எது என்று ஒவ்வொருவராகச் சொல்லிவந்தோம். அவர் முறை வந்தபோது, மேலதிகாரி என்றார். எல்லாரும் கைதட்டினோம். அதன்பிறகு அவர் வரவில்லை.

அதுவரை நம்மைக் கண்காணிப்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும். நிம்மதியாக இருந்தோம். இப்போது தெரியவில்லை. துவான் வராமலே துவானுக்குச் செய்தி போகிறது, ஆகவே உள்ளே இருக்கும் யாரோதான் கொண்டுபோகிறார் என்று மருதம்மாள் அக்கா விளக்கினார். செய்தி போகிறது என்பதற்கு என்ன சாட்சி என்று என் வீட்டுக்காரர் டக்ளஸ் கேட்டார். கணவர்களுக்குப் பேச அனுமதி இல்லை என்றாலும் அக்கா பதில் சொன்னார்: “போகலன்னா அவரு வந்திருப்பாரே லா.”

கைப்பேசியில் குழு விவகாரம் எதையும் பேசுவதில்லை என்பது அடுத்த முடிவு. அதனால்தான் இந்தக் காகிதம். தபாலை யாரும் சந்தேகிப்பதில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. இதைத் தாய்லாந்து எல்லை தாண்டி ஹாட்யாய் போகும் வேன்காரரிடம் கொடுத்து, அங்கே தபாலில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகலாம் என்கிறார்.

இந்தச் சமயத்தில்தான் நீ அனுப்பிய தோழி வந்து சேர்ந்தாள்.

நாங்கள் எதிர்பார்த்தது சன் சன் வின் என்ற பர்மியப் பெண்ணை. கன்னத்தில் மஞ்சள் மாவு பூசியிருப்பாள், நாம் சொல்வது அவளுக்குப் புரியாது, சிரித்தே சமாளித்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். என் கடையிலேயே பர்மிய எழுத்தில் பெரிய வரவேற்புப் பதாகை அச்சடித்தேன். வேனிலிருந்து இறங்கியதோ மருதம்மாள் அக்காவின் சித்தி மகள் போல ஒருத்தி. அதே நிறம், அதே சுருட்டை முடி, நெற்றியில் பொட்டு. வீட்டில் செல்லாயி என்று கூப்பிடுவார்கள் என்று தமிழில் சொன்னாள். பர்மாவுக்கு நெல் வயல் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பமாம். பதாகையை நின்று படித்துவிட்டு, “செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கன்னு போட்டிருக்கு அக்கா” என்றாள். அது சரிதானா என்று பார்க்க எங்களில் எவருக்கும் பர்மிய எழுத்து தெரியாது. அதையும் குறித்துக்கொண்டோம்.

மருதம்மாள் அக்காவுக்கு அன்றே மனசு ஒப்பவில்லை. “பர்மாவுலேர்ந்து பர்மாக்காரிதான லா வரணும்? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி ஒருத்திய எதுக்கு அனுப்புறான்? நாம சட்டுனு நம்பிடணும்னுதான்” என்றார். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு பெயர் என்றும் கேட்டார். அக்காவுக்கே வீட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருப்பது தனி விஷயம். அது பிறப்புப் பதிவு எழுதிய தோட்டத்துக் கிராணியின் கைவேலை.

வட்டத்தில் அவளைப் பேசச் சொன்னோம். யாங்கூனில் தையல் ஆலையில் வேலை பார்த்ததையும், ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆலைப் பெண்களைத் தெருவுக்கு அழைத்துப்போனதையும், பக்கத்துத் தையல் இயந்திரத்தில் இருந்தவள் சுடப்பட்டதையும், தங்கை சிறையில் இருப்பதையும் சொன்னாள். “நாங்க தச்ச சட்டையெல்லாம் பாஸ்போட்டு இல்லாமலே எல்லா நாட்டுக்கும் போச்சு அக்கா. எங்களாலதான் முடியல” என்றாள். கேட்டவர்களில் பாதிப் பேர் அழுதார்கள். அவள் அழவில்லை. அதைப் பற்றி இடைவேளையில் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்று நீ முன்பே சொல்லியிருந்தாய்: கோலாலம்பூரில் ஐ.நா. அலுவலகம் அகதி அட்டை தரும்வரை தலை சாய்க்க ஓர் இடம். அட்டை இல்லாமல் பிடிபட்டால் தடுப்பு முகாம். அங்கிருந்து, எந்த ராணுவத்திடம் தப்பி வந்தாளோ அதன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடவும் கூடும். கமருன்னிசா உடனே சுங்கைப் பட்டாணியில் தன் கணவர் அபூபக்கரின் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கும் அறையைக் கொடுத்தார். “ரூம் சும்மாதான கெடக்கு, வரட்டும் லா” என்றார். யோசிக்கவே இல்லை. அதுவும் கவனிக்கப்பட்டது. அந்தக் கடைக்கு எதிரே போலீஸ் நிலையம் இருப்பது பின்னால் நினைவுக்கு வந்தது.

ஆகவே போன கூட்டத்தில், உன்னிடமிருந்து உறுதி வரும்வரை செல்லாயியைப் பொதுவான இடத்தில் வைப்பது என்று முடிவு செய்தோம். கரங்கானில் செம்பனைத் தோட்டத்துக் கொங்சி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகை. கமருன்னிசா மட்டும் சண்டைக்கு வந்தார். “ரெய்டு வர்றதே கொங்சிக்குத்தான். போலீஸ்காரன் தெனம் தே தாரிக் குடிக்கிற கடைக்கு மேல எவன் வந்து தேடுவான்? கொஞ்சம் மண்டைய யூஸ் பண்ணுங்க லா” என்றார். சோதனை எங்கே வரும், எங்கே வராது என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று மருதம்மாள் அக்கா அமைதியாகக் கேட்டார். வாக்கெடுப்பில் நானும் பெரும்பான்மையோடு கைதூக்கினேன்.

அவள் அவள்தானா என்று எழுதி அனுப்பு. பதில் வந்த அன்றே கமருன்னிசாவின் அறைக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவோம்.

உன் உடம்பையும் வேலையையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்னஸ் அக்கா

*

பீடோங்
மார்ச் 16

அன்புள்ள ஜெசிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். செல்லாயியை உனக்கு நான்கு வருஷமாகத் தெரியும், தங்கையைப் பிடித்துப்போன செய்தி வந்தபோது அவள் உன் அறையில்தான் இருந்தாள், கொங்சியில் ஒரு நாள்கூட வைக்க வேண்டாம், உடனே கமருன்னிசாவிடம் கொண்டுபோங்கள் என்று நீ எழுதியதை வாசித்து முடிப்பதற்குள் கமருன்னிசா கார் சாவியோடு எழுந்துவிட்டார். மருதம்மாள் அக்கா அவரை உட்காரச் சொன்னார்.

கடிதம் கணினியில் அடித்திருக்கிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜெ.’ என்று ஓர் எழுத்து. “நம்ம ஜெசிகா இவ்வளவு மரியாதையா எழுதுற புள்ளையா? ஒரு கிண்டல் இல்ல, ஒரு ஏச்சு இல்ல” என்றார் அக்கா. அவசரத்தில் எழுதியிருப்பாள் என்றேன். அவளுக்கு என்ன அவசரம் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி என்று பலர் தலையாட்டினார்கள். கமருன்னிசா, “அப்ப ஜெசிகாவையும் கொங்சியில போடுங்க லா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் செய்துகொண்டுவந்த மீஹூனை எல்லாரும் சாப்பிட்டோம்.

மகளிர் தினம் சிறப்பாக நடந்தது. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தோழிகள் வந்தார்கள். மியன்மார் பெண்களின் போராட்டத்துக்குத் தோள்கொடுப்போம் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செல்லாயியை அழைக்கவில்லை, விசாரணை இன்னும் முடியவில்லை அல்லவா.

போன வாரம் கொசுவர்த்தியும் சோப்பும் வாங்கிக்கொண்டு கரங்கானுக்குப் போய் அவளைப் பார்த்தேன். அந்தக் கொங்சியில் பெண்கள் குளிக்கும் இடத்துக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது என்று நம் குழு வருஷா வருஷம் நிர்வாகத்துக்குக் கோரிக்கை மகஜர் கொடுத்துவந்தது உனக்குத் தெரியும். இவளும் இந்தோனேசியப் பெண்களும் வங்காளப் பெண்களும் ஒரு நாள் காலையில் வேலைக்கு இறங்காமல் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். மத்தியானம் தாழ்ப்பாள் வந்தது. எந்த மொழியில் பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “கதவத் தொறந்து காட்டுனேன் அக்கா. எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு” என்றாள். இதை நம் குழுவின் வெற்றியாக அறிக்கையில் சேர்ப்பதா, மேலாளர் இவ்வளவு சுலபமாக இறங்கிவந்தது ஏன் என்று ஆராய்வதா என்பதில் இன்னும் முடிவு எட்டவில்லை.

நான் புறப்படும்போது, “அக்கா, அந்தக் கடை ரூமுக்கு எப்பத் திரும்பி வரலாம்?” என்று கேட்டாள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். “நல்லா விசாரிங்க. எங்க ஊர்ல விசாரிக்காமலே கூட்டிட்டுப் போவாங்க” என்று சொல்லிவிட்டு, கொசுவர்த்திச் சுருளை இரண்டாக ஒடித்து ஒன்றைப் பக்கத்துப் பாயில் இருந்த பெண்ணிடம் கொடுத்தாள். அவள் சொன்னதில் கேலி இருந்ததா என்று பீடோங் வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

நீ நீதான் என்று உறுதிப்படுத்த இரண்டு கேள்விகள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நம் முதல் ஊர்வலத்தில் யார் சேலையில் நெருப்புப் பட்டது, யார் எதை ஊற்றி அணைத்தார்? மருதம்மாள் அக்காவின் மருமகனுக்கு நீ வைத்த பட்டப்பெயர் என்ன? இரண்டாவதற்கான பதிலை அக்கா தனியாகப் படித்துக்கொள்வார்.

கையால் எழுது, ஜெசிகா. முழுப் பெயரையும் போடு. முடிந்தால் என்னை நாலு வார்த்தை ஏசி எழுது, அப்போதுதான் நம்புவார்கள். ஒரு நாள் முந்திக் கிடைத்தாலும் நல்லது. தினமும் ஜெபத்தில் உன்னோடு அவளையும் சேர்த்துக்கொள்கிறேன். எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாததால் இரண்டையும் சொல்கிறேன். ஆண்டவருக்கு ஆள் தெரியும்.

அக்னஸ் அக்கா

பி.கு. வேன்காரர் வருவதற்கு இரண்டு நாள் தாமதமானதால் இதையும் எழுதுகிறேன். இன்று விடியற்காலையில் குடிநுழைவுத் துறையினர் கரங்கான் கொங்சியில் சோதனை நடத்தி, செல்லாயி உட்பட அங்கிருந்த பெண்கள் அனைவரையும் லாரியில் ஏற்றிச் சென்றார்கள். கமருன்னிசா சாப்பாடு கட்டிக்கொண்டு தடுப்பு முகாமுக்குப் போனார். உறவினர் மட்டும்தான் பார்க்கலாம் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.